ஓரத்தில் ஓடி வந்தவள்

தர்ஷினி,

போன வாரம் நீ கைப்பேசியில் அனுப்பிய செய்தி மூன்றே வரி. "பா, கல்யாண மேடையில வைக்க அம்மா படம் ஒன்னு வேணும். அந்த ஐசி படம் வேணாம்லா. நல்ல படமா பாத்து எடுத்து வைங்க." மூன்று வரிக்கு உன் அப்பன் இத்தனை பக்கம் பதில் எழுதுகிறானே என்று சலித்துக்கொள்வாய். சலித்துக்கொள், ஆனால் முழுதாகப் படித்துவிட்டுச் சலித்துக்கொள். இதையே கைப்பேசியில் எழுதியிருந்தால், பாதி படிக்கும்போது யாராவது கல்யாணச் சேலைப் படம் அனுப்புவார்கள், நீ அந்தப் பக்கம் போய்விடுவாய். அதனால்தான் தாளும் பேனாவும். இதோடு இரண்டு அட்டைகளுக்கு நடுவில் ஒரு படமும் வைத்து ஒட்டியிருக்கிறேன். கடிதத்தை முடித்த பிறகு அதைப் பிரி. அவசரக்காரி நீ, பிரித்துவிட்டுத்தான் படிப்பாய் என்று தெரியும். இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நாற்பது வருடமாகக் கழுத்தில் கேமராவோடு திரிந்தவன் நான். வாரம் முழுக்கத் தொழிற்சாலையில் மெஷின்களோடு மல்லுக்கட்டினாலும், சனி ஞாயிறு வந்தால் கெடா மாநிலத்தில் எந்தத் திடலில் பந்து உருண்டாலும் அங்கே நிற்பேன். யான் ஊரில் கபடி என்றால் யான், பெண்டாங்கில் பள்ளிக்கூடப் போட்டி என்றால் பெண்டாங். என் படங்கள் தமிழ்ப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தில் வந்திருக்கின்றன, அதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். பரணில் பத்தொன்பது பிஸ்கட் டின் நிறைய நெகட்டிவ் இருக்கிறது. உன் செய்தி வந்ததும் எல்லாவற்றையும் இறக்கித் தேடினேன். கோல்கீப்பர்கள் இருக்கிறார்கள். பெயர் தெரியாத நடுவர்கள் இருக்கிறார்கள். திடலுக்குள் புகுந்த ஆடு ஒன்று மூன்று படத்தில் இருக்கிறது. உன் அம்மா இல்லை. எங்கள் கல்யாண ஆல்பம் வெள்ளத்தில் ஊறிக் கூழாகிப்போனது உனக்கே தெரியும். கைப்பேசியில் இருப்பதெல்லாம் அவள் "வேணாம், வேணாம்" என்று நீட்டி மறைக்கும் உள்ளங்கைதான். அவள் போனபோது கருமாதிக்குப் படம் வேண்டும் என்றார்கள். அடையாள அட்டைக்கு எடுத்ததைப் பெரிதாக்கி மாட்டினேன். அரசாங்க அலுவலகத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு, யாரோ அதட்டியதுபோல் கண்ணை விரித்து உட்கார்ந்திருக்கும் அந்த முகத்தைத்தான் நான்கு வருடமாக நாம் கும்பிட்டு வருகிறோம். நீ வேண்டாம் என்றதில் தப்பே இல்லை.

என் கறுப்பு வெள்ளைப் படங்கள்மேல் உனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கேலி உண்டு. "பா, உலகத்துல கலர் வந்து ரொம்ப நாளாச்சுலா, உங்களுக்கு மட்டும் யாரும் சொல்லலையா?" என்று கேட்டவள் நீ. அன்றைக்குச் சரியான பதில் சொல்லவில்லை, இன்றைக்குச் சொல்கிறேன். பீடோங் பக்கத்தில் நாங்கள் இருந்த ரப்பர்த் தோட்டத்துக்கும் பக்கத்துத் தோட்டத்துக்கும் வருடக் கடைசியில் ஒரு பந்தாட்டம் நடக்கும். எனக்கு அப்போது இருபத்தொரு வயது. அலோர் ஸ்டாரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் காதர் பாய், தன் அண்ணனுடைய பழைய கேமராவை என்னிடம் தந்திருந்தார். அதற்குள் கிடந்தது கறுப்பு வெள்ளைச் சுருள். எங்கள் கோல்கீப்பர் சின்னையா அண்ணன் கடைசி நிமிடத்தில் கைக்கு வந்த பந்தைக் கோட்டைவிட்டார். தோற்றோம். தோட்டமே அவரைத் திட்டித் தீர்த்தது, நானும் சேர்ந்துதான். பந்து உள்ளே போன அடுத்த நொடியில் நான் ஒரு படம் எடுத்திருந்தேன். அதில் அவர் கம்பத்தில் முதுகைச் சாய்த்துக் குந்தியிருக்கிறார். இரண்டு கைகளையும் முழங்கால்மேல் விரித்து வைத்து அவற்றையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மழை, சேறு. எங்கள் சிவப்புச் சட்டையும் அவர்களுடைய பச்சைச் சட்டையும் படத்தில் ஒரே சாம்பல். யார் நம் ஆள், யார் எதிராளி என்று பிரிக்க முடியாது. ஒரு மனிதன் தன் கைகளைப் பார்க்கிறான், அவ்வளவுதான். அவர் மனைவி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "என்னா தம்பி, எங்க மூத்த புள்ள போனப்பவும் இவரு இப்படித்தான் கையப் பாத்துக்கிட்டே ஒக்காந்திருந்தாரு" என்றார். அதற்குப் பிறகு சின்னையா அண்ணனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இது. வண்ணப் படத்தில் கண் முதலில் சட்டைக்குப் போகும், பிறகு புல்லுக்கு, அப்புறம் விளம்பரப் பலகைக்கு. வண்ணத்தை எடுத்துவிட்டால் கண் சுற்றிப் பார்க்க இடமில்லை, முகத்துக்குத்தான் வந்தாக வேண்டும். ஜெயித்தவனின் வாயும் தோற்றவனின் வாயும் கறுப்பு வெள்ளையில் ஒரே மாதிரிதான் திறந்திருக்கும். யார் ஜெயித்தவன் என்று தெரிந்துகொள்ள நின்று பார்க்க வேண்டும். அப்படி நிற்கிற நேரத்தில்தான் நெஞ்சுக்குள் ஏதோ இறங்குகிறது. விளையாட்டு முடிந்துவிடும், கோப்பையில் தூசி படியும், யார் எத்தனை கோல் போட்டார்கள் என்பது போட்டவனுக்கே மறந்துபோகும். அந்த முகம் மட்டும் இருக்கும். இந்த விஷயத்தில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அறுபத்தொரு வயதில் மாற்றிக்கொள்ளவும் போவதில்லை. ஊரில் எல்லாரும் கைப்பேசியால் நொடிக்குப் பத்து படம் எடுத்தபோது நான் மட்டும் சுருளை மாட்டிக்கொண்டு நின்றதற்கு இதுதான் காரணம்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். அதைத் தாண்டிப் போக முடியாது. நீ படிவம் ஐந்து, பதினேழு வயது. அலோர் ஸ்டாரில் மாநிலப் பள்ளிகளின் ஓட்டப்பந்தயம். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர். கோவிலுக்குப் போய்விட்டு நேராகத் திடலுக்கு வந்ததால் அம்மா சேலையில் இருந்தாள். உன் அம்மாவைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பஸ்ஸுக்குக்கூட ஓடாதவள். குடையைத் தூக்கிக் காட்டி பஸ்ஸை நிறுத்தி வைத்துவிட்டு, தன் நடையில் வந்து ஏறுவாள். அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை. கடைசி வளைவில் நீ முன்னால் இருந்தாய். நான் கயிற்றுக்குப் பின்னால், கோட்டுக்கு நேர் எதிரே, மண்டியிட்டுக் காத்திருந்தேன். நீ நெஞ்சைக் கொடுத்து நாடாவை அறுக்கும் படத்துக்காகக் கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்கவில்லை. இருபது மீட்டர் இருக்கும்போது உன் கால்கள் உன் பேச்சைக் கேட்காமல் போயின. கால் தடுக்கவுமில்லை, யாரும் இடிக்கவுமில்லை. அப்படியே மடங்கி உட்கார்ந்துவிட்டாய். உன்னைத் தாண்டி ஒருத்தி ஓடினாள், இரண்டு பேர், ஐந்து பேர். நீ இரண்டு கையையும் தரையில் ஊன்றி எழப் பார்த்தாய். முடியவில்லை. தலையைத் தூக்கிக் கோட்டைப் பார்த்தாய். அந்த நொடியில் நான் பொத்தானை அழுத்தினேன்.

கேமராவைப் போட்டுவிட்டு ஓடிவந்திருக்க வேண்டாமா என்று இத்தனை வருடம் என்னை நானே கேட்டுக்கொண்டிருந்தேன். நான் ஓடிவரவில்லை. ஓடிவந்தது யார் என்று உனக்குத் தெரியும். கம்பித் தடுப்பைத் தாண்டி, சேலையை முழங்காலுக்கு மேலே சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஒருத்தி ஓடினாள். "காக்! தா போலே மாசுக்!" என்று, உள்ளே வரக்கூடாது என்று, ஒரு மலாய்க்கார அதிகாரி பின்னாலேயே கத்திக்கொண்டு போனார். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வந்து உன்னை மடியோடு அணைத்துக்கொண்டாள். வெளியாள் தொட்டால் ஓட்டக்காரியின் பெயரை அடித்துவிடுவார்கள், அதுதான் விதி. உன் பெயரை அடித்தார்கள். வீட்டுக்குத் திரும்பும்போது காரில் நான் அம்மாவிடம் என்ன சொன்னேன் என்பது உனக்கு நினைவிருக்கும், நீ பின்னால் உட்கார்ந்திருந்தாய். "நீ தொடாம இருந்திருந்தா தவழ்ந்தாவது முடிச்சிருப்பா. ஒன்ன யாரு உள்ள போகச் சொன்னா?" நான் மட்டும் வீடு வரை பேசிக்கொண்டே வந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்டோர் அறையின் ஜன்னலைப் போர்வையால் மூடிவிட்டுச் சுருளைக் கழுவினேன். அந்தப் படத்தை ஈரத்தோடு விளக்குக்குப் பிடித்துப் பார்த்தேன், மகளே. வாழ்நாளில் அப்படி ஒரு படம் எடுத்ததில்லை. உன் கழுத்து நரம்பு, தரையில் விரிந்த விரல்கள், வெள்ளைக் கோடு, உன் கண். ஆனால் வலது ஓரத்தில் அம்மா இருந்தாள். கொஞ்சம் மங்கலாக, வாயைத் திறந்துகொண்டு, சேலையைத் தூக்கிப் பிடித்தபடி. அவளுக்குப் பின்னால் கத்திக்கொண்டிருந்த அதிகாரியின் கையும் இருந்தது. எனக்கு அது இடைஞ்சலாகப்பட்டது. இரண்டு அட்டையை எடுத்துப் படத்தின் மேல் வைத்து, இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்தேன். வலது பக்கத்தை மூடியதும் படம் நிமிர்ந்து நின்றது. பரந்த மைதானத்தில் ஒரு பெண், தன்னந்தனியாக. அப்படியே வெட்டிப் பெரிதாக்கினேன். பிறகு யாராவது கேட்டால் சொல்லலாம் என்று ஒரு காரணத்தையும் தயார் செய்து வைத்துக்கொண்டேன். அம்மா தொட்டதால்தான் நீ பெயரை இழந்தாய் என்று ஊர் பேசக்கூடாது, அதனால் அவளைக் காப்பாற்ற வெட்டினேன் என்று. அது பொய். வெட்டும்போது அப்படி எதையும் நான் நினைக்கவில்லை. படம் நன்றாக இருக்க வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன்.

ஈரம் காய்ந்ததும் அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, வெளிச்சத்துக்குப் பிடித்து, நெடுநேரம் பார்த்தாள். "நல்லா இருக்கு" என்றாள். படத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே, "நான் இல்லாம நல்லாத்தான் இருக்கு" என்றாள். பிறகு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன், மடையன். படம் பத்திரிகையில் வந்தது, ஒரு போட்டியில் பரிசும் வாங்கியது. காதர் பாய் பெரிதாகச் சட்டம் போட்டுத் தன் கடையில், கல்லாவுக்குப் பின்னால், எல்லார் கண்ணிலும் படும்படி மாட்டினார். அந்த வாரத்திலிருந்து நீ அந்தக் கடைக்கு வரவில்லை. "ரொட்டி சானாய் சாப்புடுறவன்லாம் என்னையப் பாத்துக்கிட்டே சாப்புடுறான்பா" என்று ஒருமுறை சொன்னாய். ஓட்டத்தையும் நிறுத்தினாய். என்னிடம் பேச்சும் சுருங்கியது. சாப்பிட்டீங்களா, மருந்து எடுத்தீங்களா, அவ்வளவுதான். நீ விழுந்ததை ஊருக்குக் காட்டிவிட்டேன், அந்தக் கோபம் என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன்.

அதனால்தான் போன ஞாயிறு உன்னை அழைத்தபோது, கல்யாண வேலைகளைப் பேசி முடித்ததும், பதினோரு வருடமாகத் தொண்டையில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். "அந்தப் படம் எடுத்ததுக்கு அப்பா மேல இன்னும் கோவமாம்மா?" நீ சிரித்தாய். அழப் போகிறாய் என்று நினைத்தவனுக்கு அந்தச் சிரிப்பு என்னவோபோல் இருந்தது. "எடுத்ததுக்கு இல்லப்பா. வெட்டினதுக்கு" என்றாய். ஓட்டத்தை விட்டது படிப்புக்காகத்தான், எல்லாம் உங்களால்தான் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள் என்று ஒரு குட்டும் வைத்தாய். பிறகு சொன்னாய். "நான் விழுந்தேன்பா, அது நெசம்தானே, ஊரு பாத்தா என்ன? ஆனா நான் தனியா இல்லலா. அம்மா வந்துக்கிட்டு இருந்தாங்க. அந்தப் படத்துல வலது பக்கம் கறுப்பா ஒரு முனை நீட்டிக்கிட்டு இருக்கும், பாத்திருக்கீங்களா? அது அம்மா முந்தானை. அந்தக் கடைய நெனச்சாலே எனக்கு அது மட்டுந்தான்பா தெரியும். நீங்க என்னைத் தனியாளா ஆக்கிட்டீங்க." நான் அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

அந்தச் சுருளை மறுபடி எடுத்தேன். முதலில் தேடியபோது அது என் கண்ணில் படாமலில்லை. நன்றாகத் தெரிந்த படம்தானே என்று தாண்டிப் போயிருந்தேன். அதில் அம்மா இருப்பதே எனக்கு நினைவில் இல்லை, அந்த அளவுக்கு வெட்டியிருக்கிறேன். ஸ்டோர் அறையில் இப்போது உன் அம்மாவின் தையல் மெஷினும் பழைய பெட்டிகளும்தான் இருக்கின்றன. அதனால் நெகட்டிவைப் பட்டணத்துப் படக் கடைக்குக் கொண்டுபோனேன். கணினியில் ஏற்றிக் கொடுத்த சீனப் பெண்ணுக்கு உன் வயதுகூட இருக்காது. படம் திரையில் விரிந்ததும், கீழே கிடக்கும் உன்னை அவள் பார்க்கவில்லை. விரலை நேராக வலது ஓரத்தில் வைத்தாள். "அங்கிள், இத்து மாக் டியா கா? லாஜு ஓ!" இது அவளுடைய அம்மாவா, என்ன வேகம் என்கிறாள். தலையை மட்டும் ஆட்டினேன். யார் எவர் என்று ஒன்றுமே தெரியாத ஒரு பிள்ளைக்கு ஒரு நொடியில் தெரிந்தது, கூடவே குடும்பம் நடத்தியவனுக்குத் தெரியவில்லை. அங்கேயே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். அந்தப் பெண் பாவம், தண்ணீர்ப் புட்டியைக் கொண்டுவந்து நீட்டினாள்.

இப்போது அட்டைக்குள் இருப்பது அந்த முழுப் படம். பார்க்கும்போது அம்மாவின் காலைக் கவனி. ஒரு காலில் செருப்பு இல்லை. இரண்டு காலும் தரையில் இல்லை. குங்குமம் வேர்வையில் இறங்கியிருக்கிறது. வாய் திறந்திருப்பது கத்துவதற்கு, உன் பெயரைத்தான். படம் எடுக்கிறவன் என்ற முறையில் உண்மையைச் சொல்கிறேன், வெட்டிய படம்தான் இன்னமும் கச்சிதமான படம். இது கொஞ்சம் இரைச்சலான படம். அதிகாரியின் கை குறுக்கே நீட்டிக்கொண்டு நிற்கிறது, ஓரம் சாய்ந்திருக்கிறது. ஆனாலும் இதைப் பார்த்த பிறகு என்னால் அந்தக் கச்சிதத்தைத் திரும்பிப் பார்க்க முடியவில்லை. உன்னைப் படம் எடுத்ததற்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை, தர்ஷினி. நீ விழுந்தபோதும் தலையைத் தூக்கிக் கோட்டைப் பார்த்தவள். அதை எடுக்காமல் விட்டிருந்தால்தான் தப்பு. அம்மாவை வெட்டியதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். காரில் அவளைத் திட்டியதற்குக் கேட்கிறேன், அவளிடம் கேட்க முடியாமல் போனதால் உன்னிடம். ஒன்றை இப்போதுதான் புரிந்துகொண்டேன். அவள் உன்னிடம் ஓடியதால்தான் நான் ஆடாமல் நின்று அந்தப் படத்தை எடுக்க முடிந்தது. அவளும் நின்றிருந்தால் கேமராவை எறிந்துவிட்டு நான்தான் ஓடியிருக்க வேண்டும். சனி ஞாயிறு எல்லாம் நான் திடலில் நின்ற நாற்பது வருடத்துக்கும் இதுதான் கதை.

உன் மாப்பிள்ளைக்குப் படத்தை அனுப்பிப் பார்த்தேன், கோபித்துக்கொள்ளாதே. நல்ல பையன், மரியாதையானவன், அரை மணியில் கணினி வழியாக வண்ணம் ஏற்றித் திருப்பி அனுப்பிவிட்டான். "மாமா, எப்படி இருக்கு?" என்று கேட்டான். அம்மாவின் சேலை நீலமாக இருந்தது. எனக்கு மயில் பச்சை என்று நினைவு. உன் அத்தையைக் கேட்டால் அரக்கு என்று சத்தியம் செய்கிறாள். நீ ஒரு நிறம் சொல்வாய். அவளோடு சேர்ந்து கட்டையில் போன எத்தனையோ விஷயங்களில் அந்தச் சேலையின் நிறமும் ஒன்று. ஆனால் அவள் ஓடியது அப்படியே இருக்கிறது, அதற்கு யார் சாட்சியும் வேண்டாம். வண்ணம் ஏற்றினால், தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் காட்ட வேண்டிவரும். மாப்பிள்ளையிடம் நயமாகச் சொல்லிவிட்டேன். "சரி மாமா, உங்க இஷ்டம்" என்றான். இப்படிப்பட்டவனை விட்டுவிடாதே.

அத்தை விஷயம்தான் பெரிய விஷயம். சுங்கைப்பட்டாணியிலிருந்து கல்யாணச் சாமான் பட்டியலோடு வந்தவளிடம் படத்தைக் காட்டினேன். அண்ணியைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் அடுத்த பேச்சு. "அண்ணே, இத மேடையில வைக்க முடியாது. செத்தவங்க படத்துக்கு மாலை போட்டு வெளக்கு வைக்கணும். உசுரோட இருக்கற புள்ள அதே படத்துல இருக்கறா, அதுவும் கல்யாணப் பொண்ணு! மாலை போடுவாங்களா யாராச்சும்? அவள வெட்டிட்டு அண்ணிய மட்டும் பெருசு பண்ணுங்க." அவள் சொல்வதும் நம் வழக்கம்தான், உயிரோடு இருப்பவர் படத்தில் மாலை விழக்கூடாது. உன் மேல் உள்ள பிரியத்தில்தான் சொல்கிறாள். ஆனால் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பதினோரு வருடத்துக்கு முன்னால் அம்மாவை வெட்டினேன், இப்போது உன்னை வெட்டச் சொல்கிறார்கள். உன்னை வெட்டினால் அம்மா யாரை நோக்கி ஓடுகிறாள்? சேலையைத் தூக்கிக்கொண்டு சும்மா ஒரு மைதானத்தில் ஓடும் பைத்தியக்காரியாகிவிடுவாள். முடியாது என்று சொல்லிவிட்டேன். அத்தை இரண்டு நாளாக என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பலகாரம் மட்டும் செய்து வைத்துவிட்டுப் போனாள்.

கல்யாணம் ஆகப் போகிறவளுக்கு அப்பன் ஏதாவது சொல்ல வேண்டும் அல்லவா. பெரிதாக ஒன்றுமில்லை. உன் வீட்டுக்காரன் உனக்காக ஓடிக்கொண்டிருக்கும்போது அவனைப் பார். அவன் களைத்து உட்கார்ந்த பிறகு பார்க்கலாம் என்று இருக்காதே, நான் அப்படித்தான் இருந்தேன். உன் அம்மா எங்கே போய்விடப் போகிறாள், ஒரு நாள் நிதானமாக உட்கார வைத்து நல்ல படம் எடுக்கலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அவள் உட்காரவே இல்லை. அதேபோல், நீ அவனுக்காக ஓடும்போது அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றால் வாயைத் திறந்து சொல். உன் அம்மா மாதிரி "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போகாதே. என்னைப்போன்ற ஆட்களுக்கு ஜாடை புரியாது, நேராகத்தான் சொல்ல வேண்டும். நீ போனில் சொன்னாயே, அந்த மாதிரி. அதைப் பதினோரு வருடம் முன்னால் சொல்லியிருக்கலாமே என்று எனக்கும் உன் மேல் ஒரு வருத்தம் உண்டு, அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

நேற்றுக் காலை பசியாறக் காதர் பாய் கடைக்குப் போனவன், நாற்காலியில் ஏறிப் பழைய படத்தைக் கழற்றிவிட்டேன். பாய்க்கு எண்பதைத் தாண்டிவிட்டது, கல்லாவை விட்டு எழாமலே சத்தம் போட்டார். "என்னா தம்பி, சொவத்துல வெள்ளையா எடம் தெரியுமே, நான் என்னத்த மாட்ட?" மகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். "இப்பத்தான் கேக்கணும்னு தோணுச்சா?" என்றார். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர் சொன்னது சரிதான். உன் படத்தை ஊருக்குக் காட்டலாமா என்று உன்னை நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

அதனால் இப்போது கேட்கிறேன். இந்தப் படத்தை மேடையில் வைத்தால், உன் கல்யாணத்துக்கு வரும் அத்தனை பேரும் நீ விழுந்து கிடப்பதைப் பார்ப்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் பார்ப்பார்கள், உன்னோடு வேலை செய்பவர்கள் பார்ப்பார்கள். பட்டுச் சேலையும் நகையுமாக நீ நிற்கும்போது, பக்கத்திலேயே வேர்வையும் புழுதியுமாக நீ இருப்பாய். அது உனக்குச் சம்மதமா என்று எனக்குத் தெரியாது. அம்மா முழுதாக இருக்கும் ஒரே படம் இதுதான், இதில் நீ விழாமல் அவள் இல்லை. வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல், ஐசி படத்தையே துடைத்துப் பொட்டு வைத்து எடுத்து வருகிறேன், ஏன் என்று கேட்க மாட்டேன். வைக்கலாம் என்றால், ஒன்றே ஒன்று. அன்றைக்குக் கடைசி நேரத்தில் அத்தை மனசு கேட்காமல் ஒரு மாலையோடு மேடை ஏறத்தான் போகிறாள். நீ எழுந்துபோய் அதை வாங்கி வேறு எங்காவது வைத்துவிடு. படத்தில் உனக்கும் அம்மாவுக்கும் நடுவில் இன்னும் மூன்று எட்டுத் தூரம் இருக்கிறது. அவள் உன்னிடம் வந்துகொண்டிருக்கிறாள். மாலை போட்டு அவளை நிறுத்த வேண்டாம்.

அப்பா